மூன்று முறை மன்னிப்புக் கேட்ட அரிசி சார்

எங்கள் கேம்ப் அறையின் வாசலில் ஒரு வெள்ளைக்காரர் ஒற்றைக் காலில் நின்று ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் வெள்ளைக்காரர்கள் தென்படுவது உண்டு. காரின் ஜன்னலை இறக்கி வழி கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். லேபர் கேம்ப்புக்குள் வந்து, வரிசையாகக் கிடந்த ரப்பர் செருப்புகளுக்கு நடுவே இடம் தேடி ஷூவை விடுகிறவரை அதுவரை யாரும் பார்த்ததில்லை. சமையல்கட்டில் மத்தி பொரித்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு வெளியே வந்து நின்றுவிட்டார். மத்தி கருகிய வாசனை வந்தது. அதையும் யாரும் பொருட்படுத்தவில்லை.

அறைக்குள் எட்டுப் பேர். கீழ்க்கட்டில் ஒன்றில் கொத்தனார் முத்தையா கைலியை மடித்துக்கொண்டு, கால் ஆணிக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"வேலைய விட்டுத் தூக்கத்தான் வந்துருக்காரு," என்றது மேல்கட்டிலில் இருந்து ஒரு குரல்.

"தூக்குறதுக்கு ஷூவ எதுக்குடா கழட்டணும்," என்றது இன்னொரு குரல்.

வெள்ளைக்காரர் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். முத்தையாவைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னார்: "சுந்தரம், இவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன். சொல்."

நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். காரணம் எளிது. முத்தையாவிடம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

மூன்று வேலை, ஒரு நாற்காலி

போன முறை இங்கே எனக்கு விசா வந்த கதையை எழுதியதும் ஒரு வாசகர், "எல்லாம் சரி, அங்கே போய் என்னதான் வேலை பார்த்தீர்கள்?" என்று கார்டு போட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் புதுக்கோட்டையில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சின்ன கட்டட கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். காலையில் டைம்கீப்பர். ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாதபோது மொழிபெயர்ப்பாளர். மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரே நாற்காலி கொடுத்திருந்தார்கள். அதற்கும் ஒரு கால் குட்டை.

அப்போது எங்கள் கம்பெனி பக்கத்து துபாயில், கராமா என்ற பகுதியில் ஓர் ஐந்து மாடிக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர் தன் சார்பில் எங்கள் வேலையை மேற்பார்வை பார்க்க ஓர் எஞ்சினியரை வைத்திருந்தார். அவர்தான் இந்த வெள்ளைக்காரர். பெயர் ஹாரிஸ். ஊர் இங்கிலாந்து. ஆட்கள் வாயில் அந்தப் பெயர் ஒரே வாரத்தில் அரிசி ஆகிவிட்டது. "அரிசி சார் வாராரு, ஹெல்மெட்டப் போடு."

அரிசி சாருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஓரம். தளம் போட்டு முடித்த அன்றே நான்கு பக்கமும் ஓரத்தில் இரும்பு பைப் தடுப்பு நிற்க வேண்டும். அந்த பைப்புகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்க வேண்டும். தினமும் காலையில் ஒவ்வொரு பைப்பையும் கையால் ஆட்டிப் பார்ப்பார். அந்தக் காலத்தில் பல சைட்டுகளில் ஓரம் என்றால் ஓரம்தான். அதற்கு அப்பால் ஆகாயம். எங்கள் ஃபோர்மேன் நாயர் சலித்துக்கொள்வார்: "இயாள் கட்டடம் கெட்டான் வந்நதோ, வேலி கெட்டான் வந்நதோ?" கட்டடம் கட்ட வந்தாரா, வேலி கட்ட வந்தாரா என்று அர்த்தம்.

இன்னொரு விசேஷம், சனிக்கிழமைகளில் அவர் வரமாட்டார். ஊரெல்லாம் வெள்ளி லீவு. இவருக்கு வெள்ளியும் உண்டு, சனியும் உண்டு. வீட்டில் டிராயிங் பார்க்கிறார் என்று பேச்சு. நான் அதைத்தான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அதை வைத்து ஒரு திட்டமும் போட்டேன்.

வாலிபால்

கேம்ப்பில் வெள்ளிக்கிழமை வாலிபால் உண்டு. அந்த வெள்ளி, தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் போட்டி. தமிழ்நாட்டு அணிக்கு நான் மேனேஜர். விளையாடத் தெரியாதவனை மேனேஜர் ஆக்குவது எங்கும் உள்ள வழக்கம்தானே. வியாழன் மாலை பார்த்தால் வலை கட்டும் மரக்கம்பு இரண்டும் உளுத்து ஒடிந்து கிடந்தன.

நாலாவது மாடி ஓரத்தில் இருந்து இரண்டு மஞ்சள் பைப்புகளைக் கழற்றி, லாரியில் போட்டுக்கொண்டு வந்தேன். இடைவெளியில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டினேன். வெள்ளி ஆட்டம் முடிந்ததும் பிடுங்கி, அரிசி சார் வராத சனிக்கிழமையில் திரும்ப மாட்டிவிடலாம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் எங்கள் அணி ஆட்கள் ஆர்வக்கோளாறில் பைப்புகளைக் குழி தோண்டி நட்டு, சுற்றிலும் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை பிடுங்கப் போனால் அசையவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். எங்கள் கம்பெனி போட்ட கான்கிரீட்டிலேயே மிகவும் உறுதியானது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். போட்டியில் தோற்றோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு காலை முத்தையா அந்த மாடியில் கல் வைத்துக்கொண்டிருந்தார். வியர்வையைத் துடைத்துவிட்டு, தன் துண்டை அந்த நைலான் கயிற்றில் உலரப் போட்டார். கொடி என்றே நினைத்திருப்பார்.

அரிசி சார் வந்தார். பைப் இருந்த இடத்தில் கயிறு. கயிற்றில் துண்டு.

"யாருடைய துணி இது?"

முத்தையா கையைத் தூக்கினார்.

அதன்பிறகு ஐந்து நிமிடம் அந்த மனிதர் கத்தியதை நான் எழுதப்போவதில்லை. "துணி காயப்போட பைப்பைத் திருடினாயா" என்பதும், "ஒரு பைப்புக்காக ஓர் உயிரை விற்பாயா" என்பதும் மட்டும் போதும். திருடன் என்ற ஆங்கிலச் சொல் அங்கே எல்லோருக்கும் தெரியும். கடைசியில் துண்டை உருவி வெளியே வீசினார். கராமா காற்றில் அது மெதுவாக மிதந்து மிதந்து இறங்கி, கீழே மொய்துவின் டீக்கடைக் கூரைமேல் விழுந்தது. அது மிதந்த அழகைப் பார்த்து நாற்பது பேரும் சிரித்துவிட்டார்கள்.

தோளில் கிடக்கிற துண்டை ஒருவன் எடுத்து வீசினால் எங்கள் பக்கத்தில் அது என்ன அர்த்தம் என்று இதை வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். பரமக்குடிக்காரரான முத்தையா குனிந்து அடுத்த கல்லை எடுத்தார். கல்லை வைத்துவிட்டு, நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மைதானத்தில் மஞ்சள் பைப்பில் சாய்ந்தபடிதான் அவர் ஆட்டம் பார்த்தார். சிரித்த நாற்பது பேருக்கும் தெரியும். அரிசி சாருக்குத்தான் தெரியாது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தால் விசா கேன்சல், ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். அந்தப் பாவத்தை அங்கே யாரும் யாருக்கும் செய்வதில்லை.

மதியம் எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கம்பெனிப் பொருளைத் திருடியதாக முத்தையாவுக்கு ஒரு மெமோ டைப் செய்யச் சொன்னார். இன்னொரு மெமோ வந்தால் ஆளை அனுப்பிவிடலாம். நான் உட்கார்ந்து டைப் செய்தேன். ஒரு எழுத்துப்பிழை இல்லை.

அன்று மாலையில் இருந்து முத்தையா என்னைத் தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்தி, கிளார்க்கு சார் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

முதல் முறை

மறுநாள் திங்கள் மாலைதான் அந்த ஷூ கழற்றிய காட்சி.

அரிசி சார் நின்றபடியே சொன்னார்: "இவரை நான் நாற்பது பேர் முன்னால் திருடன் என்றேன். விசாரிக்கவில்லை. இவர் எடுத்தாரா இல்லையா என்பது வேறு விஷயம். எடுத்திருந்தாலும் அப்படிச் செய்ய எனக்கு உரிமை இல்லை. இவர் மன்னிக்க வேண்டும்."

நான் யோசித்தேன். இதை அப்படியே சொன்னால், எடுத்தது யார் என்ற பேச்சு வரும். தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தேன்: "அண்ணே, சார் இந்தப் பக்கமா வந்தாராம். சும்மா எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னு வந்திருக்கார்."

முத்தையா களிம்பு டப்பாவை மூடினார்.

"சும்மா பாக்க வந்தவரு கண்ணு ஏன் கலங்கியிருக்கு?"

"மத்திப் புகை."

"அப்படியா. சரி, பைப்ப எடுத்தவன் யாருன்னு அவருக்குத் தெரியுமான்னு கேளுங்க, கிளார்க்கு சார்."

அரிசி சார் ஆவலோடு என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

"யோசிக்க நேரம் வேண்டும் என்கிறார், சார்."

இதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ தலையாட்டினார். "அது அவர் உரிமை. நான் மூன்று முறை வரலாம். நாளைக்கு ஆட்களோடு வருகிறேன்."

அறையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "என்னவாம்?" என்றது மேல்கட்டில்.

"நாளைக்கும் சும்மா பாக்க வர்றாராம்," என்றேன்.

வாழைப்பழமும் மன்னிப்பும்

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு உண்மையிலேயே மன்னிப்பை மொழிபெயர்த்துப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. அப்பா ஒருமுறை, நான் செய்த தப்புக்காக அண்ணனை அடித்துவிட்டார். உண்மை தெரிந்ததும் கடைவீதிக்குப் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து, அண்ணன் பக்கத்தில் வைத்து, "பழம் கனிஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான். அண்ணன் அழுதுகொண்டே நாலு பழம் சாப்பிட்டான். எனக்குப் பழம் தரவில்லை. அதோடு விவகாரம் முடிந்தது.

தமிழர்களில் பாதிப் பேர் இப்படித்தான். சண்டை போட்டவன் வந்து "சாப்பிட்டாச்சா" என்று கேட்டால், அதற்கு அர்த்தம் வேறு. அதை ஏற்றுக்கொண்டவன் "இன்னும் இல்ல" என்பான். ஏற்றுக்கொள்ளாதவன் "ஆச்சு" என்பான். இதையெல்லாம் ஒரு இங்கிலாந்துக்காரருக்கு எப்படி விளக்குவது?

இரண்டாம் முறை

செவ்வாய் மாலை அரிசி சார் மூன்று பேரோடு வந்தார். சாட்சிக்கு மூன்று பேர் வேண்டுமாம். ஃபோர்மேன் நாயர், லாரி டிரைவர் குல் கான், டீக்கடை மொய்து. எதற்கு வந்திருக்கிறோம் என்று மூவருக்கும் தெரியாது. கல்யாணப் பேச்சு என்று நினைத்து குல் கான் சென்ட் போட்டு வந்திருந்தார். மொய்து ஒரு பிளாஸ்க் டீயும், கூரையில் இருந்து எடுத்து அலசி மடித்த முத்தையாவின் துண்டும் கொண்டுவந்திருந்தார்.

மொய்துவைப் பார்த்ததும் என் கணக்கு தப்பிவிட்டது. அவருக்குத் தமிழ் தெரியும், ஹிந்தி தெரியும், டீக்கடைக்குத் தேவையான அளவு ஆங்கிலமும் தெரியும். இனிமேல் பொய்யாக மொழிபெயர்க்க முடியாது.

அரிசி சார் நேற்றுச் சொன்னதையே சொன்னார். கூடவே இதையும் சொன்னார்: "ஒருவரைப் பலர் முன்னால் அவமானப்படுத்தி முகத்தை வெளுக்க வைப்பது, ரத்தம் சிந்துவதற்குச் சமம் என்பது என் பெரியவர்கள் சொன்னது."

இந்த முறை சரியாக மொழிபெயர்த்தேன். முத்தையா முழுவதும் கேட்டார்.

"முகம் வெளுக்குமா? நமக்கெல்லாம் கறுக்கத்தான செய்யும்."

அறை சிரித்தது. அரிசி சார் என்னவென்று கேட்க, நான் சொல்ல, அவரும் சிரித்துவிட்டு உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார். மன்னிப்புக் கேட்க வந்தவர் சிரிக்கக் கூடாது என்று நினைத்தார்போலும்.

முத்தையா துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அமைதியாகச் சொன்னார்:

"அவரு வைதது எங்க வச்சு? நாலாவது மாடியில. நாப்பது பேரு முன்னால. இப்பக் கேக்குறது எங்க? இந்தப் பொந்துக்குள்ள. வைதது வெயில்ல, வருத்தப்படுறது நெழல்லயா? அங்கன வந்து கேக்கச் சொல்லுங்க."

நாயர் என் காதருகே, "இது வேண்டாம் கேட்டோ, சாயிப்புக்குக் கோபம் வரும்" என்றார். மொய்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றாமல் சொன்னேன்.

அரிசி சார் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "சரி. மிகவும் சரி. அதுதான் சட்டம். நான்தான் எளிதான வழியைத் தேடினேன்."

"என்ன சட்டம் சார்?" என்றேன்.

"வா, காரில் சொல்கிறேன்."

டைப் செய்ய வேண்டாதது

காரை கேம்ப் வாசலிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு பேசினார். வெளியே சிறு மணற்காற்று.

"நான் ஒரு யூதன்," என்றார். "இதை நீ டைப் செய்ய வேண்டாம்."

நான் யூதர் ஒருவரை அதுவரை நேரில் பார்த்ததில்லை. சனிக்கிழமை அவர் வராததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. அன்று அவருக்கு ஓய்வு நாள். அவர் மட்டும் இல்லை, வேலையாளும், வெளியூரில் இருந்து பிழைக்க வந்தவனும், மாடும்கூட ஓய்வெடுக்க வேண்டும் என்பது விதியாம்.

நாளை மறுநாள் அவர்களுக்குப் பெரிய நோன்பு. நாளை சூரியன் மறைந்ததில் இருந்து அதற்கடுத்த மாலை வரை சோறு தண்ணீர் கிடையாது. பாவமன்னிப்புக் கேட்கும் நாள்.

"கடவுளுக்கு எதிராகச் செய்ததைக் கடவுள் மன்னிப்பார்," என்றார். "மனிதனுக்குச் செய்ததை அவர் தொடமாட்டார். அந்த மனிதனே மன்னித்தால்தான் உண்டு. முத்தையா மன்னிக்காவிட்டால், நான் பட்டினி கிடப்பது வெறும் பட்டினிதான்."

"எங்கே சார் போய்க் கும்பிடுவீர்கள்?"

"பத்துப் பேர் சேர்ந்து பிரார்த்தனை செய்ய வேண்டும். இங்கே எனக்குத் தெரிந்து நான் ஒருவன். அலமாரிக் கண்ணாடி முன் நின்றால் இரண்டு பேர்."

பிறகு, "அந்த பைப் விஷயத்தில் நான் ஏன் அப்படி ஆகிறேன் தெரியுமா?" என்றார். வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும், இல்லாமல் யாராவது விழுந்தால் அந்த ரத்தப்பழி வீட்டுக்காரனைச் சேரும் என்று அவர்கள் வேதத்தில் இருக்கிறதாம்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சாமி கைப்பிடிச் சுவரைப் பற்றியெல்லாமா பேசும்? எங்கள் மேனேஜரே பேசியதில்லை.

"பிழைக்க வந்தவனை நோகடிக்காதே, நீயும் எகிப்து தேசத்தில் அந்நியனாக இருந்தவன், அவன் மனசு உனக்குத் தெரியும் என்று எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது. நான் ஐந்து நிமிடத்தில் மறந்துவிட்டேன்."

"எகிப்தில் என்ன வேலை சார்?"

"எங்கள் முன்னோர்கள் அங்கே அடிமைகள். செங்கல் அறுப்பது. கட்டட வேலை. லீவு கிடையாது."

"அப்படியென்றால் முத்தையா உங்கள் ஆள்தான், சார்."

அவர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். பைப்பை எடுத்தது நான் என்று மூன்றே சொல். வாய் வரை வந்தது. ஊரில் இரண்டு தங்கைகள், கேன்சல் முத்திரை குத்திய பாஸ்போர்ட் எல்லாம் கண்ணில் தெரிந்தன. "நாளைக்கு எத்தனை மணிக்கு சார்?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

மூன்றாம் முறை

புதன் காலை, நாலாவது மாடி. வேலை தொடங்கும் முன் நாற்பது பேரையும் நாயர் வரிசையாக உட்காரவைத்திருந்தார். அரிசி சார் வெள்ளைச் சட்டையில் வந்தார். முத்தையா தலையில் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றார்.

அரிசி சார் ஒரு வாக்கியம் சொல்வார். நான் தமிழில் சொல்வேன். மொய்து அதை ஹிந்தியில் சொல்வார். குல் கான் அதைப் பின்னால் இருந்த பட்டாணியர்களுக்குப் பஷ்தோவில் சொல்வார். வழியில் என்ன ஆனதோ தெரியாது, மூன்றாவது வாக்கியத்தில் பட்டாணியர்கள் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு இரு கையேந்தி அல்லாவிடம் துஆ கேட்க ஆரம்பித்தார்கள். அரிசி சாருக்குத் தீராத வியாதி, அதனால்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறார் என்று அவர்கள் புரிந்துகொண்டதாகப் பிறகு தெரிந்தது.

"விசாரிக்காமல் நான் இவரைத் திருடன் என்றது தவறு. இவருடைய துண்டை வீசியதும் தவறு. நாளை எனக்கு நோன்பு. அதற்கு முன், நீங்கள் எல்லோரும் கேட்ட இடத்தில் நின்று இவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இவருக்குக் கொடுத்த மெமோவைக் கிழிக்கச் சொல்லி உங்கள் மேனேஜருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன்."

முத்தையா அவரை நேராகப் பார்த்தார்.

"எனக்கு அவரு மேல ஒண்ணும் இல்ல. முடிஞ்சுபோச்சு. நோம்பு நல்லபடியா இருக்கச் சொல்லுங்க." நிறுத்தினார். "இன்னும் ஒரு ஆளு பேச வேண்டியது பாக்கி இருக்கு. அவரும் பேசிட்டா வேலையப் பாக்கலாம்."

நான் அரிசி சாரிடம் திரும்பினேன். "மன்னித்துவிட்டார், சார். நோன்பு நல்லபடியாக இருக்கச் சொல்கிறார்."

"அவர் பேசியது அதைவிட நீளமாக இருந்ததே. வேறென்ன சொன்னார்?"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். மொய்து மட்டும் கருணையாகக் கீழே பார்த்துக்கொண்டார்.

"இன்னும் ஒருவர் பேச வேண்டும் என்கிறார், சார்."

"யார்?"

"நான், சார்."

மொழிபெயர்ப்பாளனாக நான் செய்த வேலையிலேயே மிகச் சரியானது அந்த ஒரு வரிதான். அதற்கப்புறம் முழுவதையும் சொன்னேன், முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். வாலிபால், கயிறு, கான்கிரீட், மத்திப் புகை. மெமோவை நானே டைப் செய்ததையும் சொன்னேன்.

"க்யா போலா?" என்று குல் கான் பதற்றமாகக் கேட்டார். "திருடன் இவன்தான்" என்று மொய்து ஹிந்தியில் இரண்டே சொல்லில் முடித்தார். அதுதான் சுருக்கமான மொழிபெயர்ப்பு.

அரிசி சாரின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. நாற்பது பேர் முன்னால் ஒருவனைத் திட்டியதற்காக அப்போதுதான் நாற்பது பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தார். மனிதர் தவித்த தவிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. தண்ணீர் டிரம் வரை நடந்து போய் ஒரு குவளை தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தார்.

"சுந்தரம், இதை உன்னிடம் தனியாகப் பேசுவேன். நாளை நோன்பு. மறுநாள் வெள்ளி. அடுத்தது சனி." விரல் விட்டு எண்ணினார். "ஞாயிறு காலை. ஆபீஸில். கதவைச் சாத்திக்கொண்டு."

சொன்னபடி ஞாயிறு கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார். கேபினின் பலகைச் சுவர் வழியே சைட் முழுவதும் கேட்டது என்பதை நான் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் மூன்று முறை மன்னிப்புக் கேட்க வருவார். அவர் பேசி முடித்ததும், எனக்கு வந்த மெமோவை நானே டைப் செய்தேன். ஐந்து பிழைகள்.

என்னை ஊருக்கு அனுப்பவில்லை. அனுப்ப வேண்டாம் என்று மேனேஜரிடம் கேட்டுக்கொண்டவர் அரிசி சார்தான்.

என் முறை

முத்தையாவிடம் நானும் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வழக்கப்படி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சாப்பிட்டாச்சா அண்ணே" என்றேன். "ஆச்சு," என்றார்.

மறுநாள் மொய்துவையும் குல் கானையும் நாயரையும் கூட்டிக்கொண்டு போய், வாயைத் திறந்து, மன்னிப்பு என்ற அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்டேன்.

"வெள்ளக்காரருக்கு மூணு தடவன்னா, ஊர்க்காரனுக்கு முப்பது தடவ," என்றார் முத்தையா. "நீங்க சொன்னது ஒரு சொல்லு. ஆனா நீங்க பண்ணுனது சொல்லு இல்ல, ஒரு ஓட்ட. அந்த வழியா எவனாச்சும் விழுந்திருந்தா, நான் தொங்கப்போட்ட துண்டத்தான், கிளார்க்கு சார், எல்லாரும் காட்டுவாக." அதனால் இனிமேல் தினம் காலையில், ஆட்கள் ஏறும் முன், எல்லா மாடியிலும் ஓரத் தடுப்பை நான்தான் ஆட்டிப் பார்க்க வேண்டும் என்றார்.

எனக்கு உயரம் என்றால் பயம். முதல் நாள் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காலால் எட்டி உதைத்துப் பார்த்தேன். "கையால," என்றது பின்னால் இருந்து ஒரு குரல். அதன்பிறகு தினமும் கையால் ஆட்டினேன். சனிக்கிழமைகளில் அரிசி சாருக்கும் சேர்த்து ஆட்டினேன். குளிர்காலத்து மூடுபனியில் பைப்பெல்லாம் ஐஸாகக் குளிரும்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஐந்தாவது மாடி. ஒருநாள் நான் பார்த்து முடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். முத்தையா சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெங்காலி ஹெல்ப்பர் நெஞ்சோடு நாலு கல்லை அணைத்துக்கொண்டு, யாருக்கோ பதில் சொல்லியபடி பின்பக்கமாகவே நடந்து வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முதுகு ஓரத்து பைப்பில் போய் முட்டியது. முழுப் பாரத்தோடு சாய்ந்தார். பைப் ஒரு முறை முனகியது. நின்றது.

அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நிமிர்ந்து, பேச்சை விட்ட இடத்தில் தொடர்ந்துகொண்டு, கல்லைக் கொண்டுபோய் இறக்கினார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததைப் பார்த்த இன்னொருவர் முத்தையா. குழைத்த கை நின்றிருந்தது. கொஞ்ச நேரம் அந்த பைப்பையே பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து, சாந்துக் கையைத் துடைத்துக்கொண்டு, தூக்கிவிடக் கை நீட்டினார்.

"சரி, எந்திரி," என்றார். "நான் இன்னும் சாப்பிடல."